நீலக் காக்கணம் வந்த இடம்

தம்பி,

பொம்பிளை தாரணியும் வீட்டாரும் வவுனியாவிலிருந்து வந்து, எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டு, கல்யாணத்துக்கு நாளும் பேசிவிட்டுப் போன பிறகு நீயும் நானும் பலமுறை போனில் கதைத்துவிட்டோம். மண்டபத்தைப் பற்றிக் கதைத்தோம், சமையற்காரரைப் பற்றிக் கதைத்தோம், உன் சின்னம்மாவுக்கு எந்த நிறத்தில் சீலை எடுப்பது என்றும் கதைத்தோம். நான் கேட்க நினைத்ததை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ, "அம்மா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. வேலை முடிந்து அறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் படி.

அன்றைக்கு அவர்கள் படலையைத் திறந்து உள்ளே வந்தபோதே உனக்கு மாமியாராக வரப்போகிறவா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டா. அதற்கு முந்தின கிழமை பெய்த மழைக்குக் காக்கணங்கொடி வேலி முழுக்கப் பூத்திருந்தது. "என்ன வடிவான நீலம்! எங்கட பக்கத்தில இதைச் சங்குப்பூ எண்டும் சொல்லுவினம். ஆனா இப்பிடி அடர்ந்து பூத்ததை நான் காணேல்லை" என்று அவா சொன்னா. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சாப்பாடு முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், தாரணியின் அப்பா என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் நீ முந்திக்கொண்டாய். "அம்மா தோட்டம் செய்யிறா. இந்தக் கொடியெல்லாம் அவாவின்ர கைவேலைதான்" என்று வேலியைக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாழைப்பழம் எடுத்துவரக் குசினிக்குப் போனேன்.

எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மகன் தாயின் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உன் சின்னம்மா அப்படித்தான் நினைத்தாள். அவர்கள் போனதும் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மிதிவெடி எடுக்கிற அம்மா எண்டு சொன்னா மானம் போயிடுமாமோ?" என்று என்னிடம் சினந்தாள். ஆனால் நீ "தோட்டம்" என்று சொல்லும்போது உன் கை தேத்தண்ணிக் கோப்பையை எப்படிப் பிடித்திருந்தது என்று நான் பார்த்தேன். பள்ளிக்கூடக் காலத்தில், காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது புத்தகப் பையின் வாரை நீ அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பாய். அது பயம். வெட்கத்தையும் பயத்தையும் மாறி எடுக்கிற அளவுக்கு நான் உன்னை விட்டுத் தூரத்தில் இருந்ததில்லை.

ஆனாலும் தாரணிக்கு நீ உண்மையைச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் கொடியிலிருந்தே தொடங்கு. நீ அவர்களுக்குக் காட்டிய அதே கொடிதான். அது எங்கிருந்து வந்தது என்பது உனக்கு அரைவாசிதான் தெரியும். மற்ற அரைவாசியை இன்றைக்குச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் ஒரு பூவரச மரமும் கூரை இல்லாத நான்கு சுவரும்தான் இருந்தன என்பது உனக்கு நினைவிருக்கும். அப்பா இல்லை. வயலை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டோம். நான் தையல் தைத்துப் பார்த்தேன், சந்தையில் மரக்கறி விற்றுப் பார்த்தேன். பிறகு மிதிவெடி அகற்றும் வேலைக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது பொறுமையைத்தான். முழங்காலில் இருந்து, முன்னால் உள்ள ஒரு சாண் நிலத்தைப் பார்த்து, புல்லை வெட்டி, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவியைப் பிடித்து, சத்தம் கேட்டால் நிறுத்தி, மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல மெல்ல வாரி எடுக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்த சாண். மாலையில் திரும்பிப் பார்த்தால் ஒரு பாய் விரிக்கிற இடம் துப்புரவாகியிருக்கும். அந்தப் பாய் அளவு நிலத்தில் இனி ஒரு பிள்ளை ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நீ அந்த நாட்களில் என்னோடு கதைக்க மாட்டாய். சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிடுவாய். காலையில் நான் "போட்டு வாறன், தம்பி" என்றால் மறுபக்கம் திரும்பி நிற்பாய்.

இரண்டாவது வருடம் பளைக்கு அப்பால் ஒரு குடிமனைப் பகுதியில் எங்களை இறக்கினார்கள். வீடுகள் இருந்த இடமெல்லாம் பற்றை. எனக்குத் துப்புரவாக்கக் கிடைத்த பாதை ஒரு கிணற்றடியை நோக்கிப் போனது. கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்திருந்தது. மற்றப் பக்கத்தில், தண்ணீர் அள்ளும் துலாவைத் தாங்கிய துலாக்கால் மட்டும் நின்றது. அந்தத் துலாக்காலில் அடியிலிருந்து நுனிவரை நீலக் காக்கணம் ஏறியிருந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை, எத்தனையோ வருட வெயிலைக் கண்டிருக்கிறது. அப்படியிருந்தும் நேற்று நட்டதுபோலப் பூத்திருந்தது. எங்கள் வேலையில் செடி கொடியை முதலில் வெட்ட வேண்டும். அதற்கு விதிவிலக்கு இல்லை. நான் முன்பக்கத்தில் தொங்கிய கொடிகளை வெட்டிப் பின்னால் துப்புரவான பக்கம் போட்டேன். அவற்றில் காய்ந்த காய்கள் இருந்தன. மேற்பார்வையாளர் எங்களைவிட வயது குறைந்த பெடியன். இடைவேளையில் அவரிடம், "தம்பி, இந்தக் காயில கொஞ்சம் வீட்ட கொண்டு போகலாமோ?" என்று கேட்டேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அக்கா, இஞ்ச இருந்து ஒண்டும் எடுக்கக்கூடாது எண்டுதான் சட்டம். ஆனா பூங்கொட்டைக்குச் சட்டம் எழுதேல்லை" என்றார். சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

காக்கண விதைக்குத் தோல் கடினம். அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கும். ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் மெல்ல உரசிவிட்டு, ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். காலையில் ஊதிப் பருத்திருப்பதை நடலாம். பருக்காததை மறுபடியும் உரசு. நட்ட இடத்திலேயே வளரவிடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்குகிற இனம், இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நான் இதெல்லாம் தெரியாமல் முதலில் நட்டவை பாதி முளைக்கவில்லை. முளைத்தவற்றை வேலி ஓரமாக விட்டேன். நீ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாத பகுதி. வேலியில் கொடி ஏறத் தொடங்கியிருந்த நேரம், பளையில் என் பாதை அந்தத் துலாக்காலின் அடிக்கு வந்துவிட்டது. அன்று காலையில் கொடியின் தண்டுக்குப் பக்கத்தில் கருவி சத்தம் போட்டது. கிணற்றடியில் வாளிக் கம்பி, ஆணி, தகரம் எல்லாம் கிடக்கும், அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தாலும் முறைப்படிதான் செய்ய வேண்டும். பக்கத்திலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே போனேன். முதலில் வேர் தெரிந்தது. விரலளவு தடிப்பான வேர். அது நேராக இறங்காமல் எதையோ சுற்றி வளைந்து இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் மண்ணை விலக்கியபோது மிதிவெடியின் விளிம்பு தெரிந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் அள்ள வருகிறவர் காலை வைக்கிற இடம் அது. அந்த இடத்தில்தான் ஒருவர் அதைப் புதைத்திருந்தார், அதைச் சுற்றித்தான் இந்த வேரும் தன் பாட்டில் தண்ணீர் தேடிப் போயிருந்தது. நான் கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் பின்னால போய் இருங்கோ, தண்ணி குடியுங்கோ" என்றார். வேரோடு பின்னிக் கிடந்ததைத் தூக்க முடியாது. மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரையும் விலக்கிவிட்டு, அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். துலாக்காலும் கொடியும் இல்லாமற் போயின.

அதே நேரம் எங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். அவளை அம்புலன்சில் பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீதியில் பஸ்ஸில் போனவர்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டார்கள், அம்புலன்சையும் கண்டார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு எங்கள் கிளிநொச்சிச் சந்தைவரை கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒருவர் உன்னிடம், "பளையில வெடிச்சிட்டுதாம், ஒரு பொம்பிளைக்காம்" என்று சொல்லியிருக்கிறார். வேலை செய்யும் இடத்துக்குள் போன் வைத்திருக்க எங்களுக்கு அனுமதியில்லை. நீ எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறாய், மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பழைய சைக்கிளில், ஏ-ஒன்பது வீதியில், லொறியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போக, ஆனையிறவு வெளியின் எதிர்க்காற்றில், கிளிநொச்சியிலிருந்து பளை தாண்டி மிதித்து வந்தாய்.

நாங்கள் வேலை முடித்து வாகனத்தடிக்கு வந்தபோது கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடப் பெடியன் நிற்கிறான் என்றார்கள். வெள்ளைச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. நான் கிட்ட வந்ததும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தாய். பிறகு கைகளைப் பார்த்தாய். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் முகத்துக்கு வந்தாய்.

"எனக்கு ஒண்டும் இல்லை, தம்பி" என்றேன்.

"வீட்ட வாங்கோ" என்றாய். சைக்கிளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படிச் செய்ய வெட்கப்பட வேண்டும். நீ வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலியைப் பார்த்து, "இது எங்க இருந்து கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாய். "வேலை செய்யிற இடத்தில இருந்து" என்றேன். நீ போய்க் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து அறுத்தாய். சின்னம்மா தடுக்க ஓடினாள், நான்தான் அவளை நிறுத்தினேன். அறுத்தவற்றையெல்லாம் சுருட்டி ஒழுங்கைக்கு எறிந்தாய். ஒழுங்கையால் போன மாடு அதை நின்று ஆறுதலாகத் தின்றது. காக்கணங்கொடி மாட்டுக்கு நல்ல தீன். உனக்கு அதுவும் ஆத்திரம். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றாய். அன்று பின்னேரம் நீ, "நாளைக்குப் போக வேண்டாம்" என்று சொன்னாய். நான் போனேன். அந்தப் பாதை அப்போது முடிந்திருக்கவில்லை. நான் நிறுத்தினால் அந்த இடத்தில் வேறொரு தாய் முழங்காலில் இருக்க வேண்டும், அவளுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். இதை உனக்கு அன்றைக்கு விளங்கப்படுத்தும் அளவுக்கு எனக்குச் சொல் வரவில்லை. இப்போதும் வருகிறதோ தெரியாது.

கொடியை அறுத்தாயே ஒழிய வேரை எடுக்கவில்லை. அந்த வருடக் கோடையில் வேலி வெறுமனே கிடந்தது. ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் அடித்தண்டிலிருந்து துளிர் வந்தது. முன்னையைவிட அடர்த்தியாக வந்தது. இப்போது வருடாவருடம் நானே அதைக் கோடையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். அப்படி வெட்டினால்தான் நன்றாகப் பூக்கும் என்று உன் கோபம் எனக்குப் படிப்பித்தது. துளிர் நீண்டு பிடிமானம் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒருநாள், நான் வேலையால் வந்து பார்க்கிறேன், வேலிக் கட்டையிலிருந்து கட்டைக்கு நைலோன் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் "போட்டு வாறன்" என்றபோது நீ, "ஓம், கவனம்" என்றாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருடம் வேலைக்குப் போயிருக்கிறேன், தம்பி.

பிறகு அந்தக் கிணற்றடிக் காணியை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கிற அன்று நானும் அங்கே நின்றேன். ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். சாவகச்சேரிப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்தவர்களாம். தலை நரைத்துவிட்டது. வீடு இருந்த இடத்தை அத்திவாரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இது விறாந்தை, இது சாமியறை என்று அவர் காலால் அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா நேரே கிணற்றடிக்குப் போனா. அங்கே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "பிள்ளை, துலாக்காலில ஒரு காக்கணம் நிண்டது. நான் கலியாணம் முடிச்சு இந்த வளவுக்கு வந்த வருசம் நட்டது. அது பட்டுப் போச்சோ?" என்று கேட்டா. வீடு போனதைக் கேட்கவில்லை, கூரை போனதைக் கேட்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, அதின்ர அடியில வெடி இருந்தது. நான்தான் கண்டுபிடிச்சனான். வெடிக்க வைக்க வேண்டி வந்திட்டுது. ஆனா அதுக்கு முதல் கொட்டை எடுத்தனான். என்ர வீட்டு வேலியில அது நிக்குது."

அவா என் கையைப் பிடித்தா. பிறகு குனிந்து, கிணற்றடியில் அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தா. "இந்த இடத்தில நிண்டுதானே என்ர பிள்ளையள் குளிக்கிறவை" என்று மட்டும் சொன்னா.

அதற்கு அடுத்த மாதம் நீயும் நானும் பஸ்ஸில் கன்றுகளைக் கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கும். பையில் முளைக்கவைத்து, மண் உடையாமல், உன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அப்போது நீ படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாய். அந்த ஐயா ஒரு தற்காலிகக் கொட்டில் போட்டிருந்தார். நீ குழி வெட்டினாய், அந்த அம்மா நட்டா. நடும்போது உன்னிடம், "தம்பி, உங்கட அம்மா என்ர கிணத்தடியை எனக்குத் திருப்பித் தந்தவா" என்று சொன்னா. நீ மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டியபிறகு, "அம்மா, அந்த இடத்துக்கோ நான் சைக்கிள்ல வந்தனான்?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். நீ யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, "நல்ல தூரம்" என்றாய். கொடிக்கு அடியில் இருந்ததைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னதை உனக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். இனிப் புத்திமதி. அதிகம் இல்லை. கல்யாணம் முடித்தால் நல்லதைச் சொல்வது சுலபம், பயத்தைச் சொல்வதுதான் கஷ்டம். உன் அப்பாவும் நானும் சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் ஒருவருக்கொருவர் பயத்தை மறைத்துக்கொண்டுதான் இருந்தோம், மற்றவர் தாங்கமாட்டார் என்று. இருவருமே தாங்கியிருப்போம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. நீ தாரணியிடம் மறைக்காதே. வேலையை விட்டுவிடுங்கோ என்று நீ சொல்வதும் எனக்குத் தெரியும். முழங்கால்கள் உன் பக்கம்தான். இப்போது நாங்கள் நிற்கிற காணி முடிந்ததும் நிற்பாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன் அது முடியாது. கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு திரும்பவும் போவேன்.

நேற்றுத் தாரணி எனக்குப் போன் எடுத்தா. நீங்கள் வவுனியாவில் பார்த்திருக்கிற வாடகை வீட்டுக்கு முன்னால் கம்பி வேலி இருக்கிறதாம், அதில் விட எங்கள் கொடியின் விதை வேணுமாம். உள்ளதில் முற்றிய காய்களாகப் பார்த்துப் பறித்து வைத்திருக்கிறேன். கோழி கிளறாமல் முதல் மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ, தண்ணீர் அளவோடு ஊற்றுங்கோ, பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அவாவுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா. பிறகு, "மாமி, இந்தக் கொடி உங்களுக்கு எங்க கிடைச்சது?" என்று கேட்டா. அன்றைக்கு நீ வேலியைக் காட்டியபோது எல்லோரும் கொடியைத்தான் பார்த்தார்கள், அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்தது. அதனால் கேட்டிருப்பா என்று நினைக்கிறேன்.

"அதைத் தம்பியிட்டக் கேளுங்கோ, பிள்ளை. அவருக்கு முழுக் கதையும் தெரியும். அவர் சொல்லுவார்" என்றேன்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னைக் காணும்போது அவா கேட்பா. சொல்லு. சைக்கிளில் வந்ததையும் விடாமல் சொல்லு. கேட்டுவிட்டு அவா பயந்தால் பயப்படட்டும், தேற்ற அவசரப்படாதே. பதினைந்து வயதிலிருந்து நீ தனியாகத்தான் எனக்காகப் பயந்துகொண்டிருக்கிறாய். இனி உனக்கு அதற்கும் ஒரு துணை இருக்கட்டும்.

அம்மா